சாப்பாட்டுக் கடையும் கமராவும்

வத்தேகம கடைத்தெருவில் எனக்கு நீண்டகாலமாகப் பழக்கமான சாப்பாட்டுக் கடையொன்று உண்டு. பாடசாலை நாட்களில் அதன் வாசலில் நின்று கொத்து ரொட்டியின் வாசனையை மட்டும் இலவசமாக அனுபவித்தவர்களில் நானும் ஒருவன். அன்று காசு மேசையில் அமர்ந்திருந்தவர் காலமாகிவிட்டார். இன்று அவருடைய மகன் கடையை நடத்துகிறார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர் என்பதால் அவரை நானா என்றே அழைப்பது வழக்கம்.

கடந்த மாதம் அங்கு சென்றபோது நானா கவலையோடு காணப்பட்டார். அவருடைய மகன் கடைக்கென முகநூலில் ஒரு பக்கத்தைத் தொடங்கி, வட்ஸ்அப் மூலம் ஓடர் எடுக்கும் ஏற்பாட்டையும் செய்திருக்கிறான். பக்கத்தில் போடுவதற்குப் படம் வேண்டுமல்லவா? இணையத்தில் தேடி அழகான கொத்து ரொட்டிப் படமொன்றை எடுத்துப் போட்டிருக்கிறான். அந்தப் படத்தில் ஐந்தாறு பெரிய இறால்கள் இருந்திருக்கின்றன. கண்டி மலைப்பக்கத்துச் சிறு கடைக்கு இறால் எங்கிருந்து வரும்? ஓடர் கொடுத்தவர் பொதியைத் திறந்து பார்த்துவிட்டு நேரில் வந்து, கைத்தொலைபேசியை நானாவின் முகத்துக்கு நேரே நீட்டி, இறால் எங்கே என்று கேட்டிருக்கிறார்.

“தம்பி, நாப்பது வருஷமா இந்தக் கடையில ஒருத்தரும் எங்கள கள்ளன் என்டு சொன்னதில்ல. எங்கட சாப்பாட்ட எடுத்த படமே போடணும். பேப்பர்ல வேல செஞ்ச ஆள்தானே நீங்க, நல்ல படப்பிடிப்பாளர் ஒருத்தரக் கூட்டி வாங்க” என்றார்.

உங்கள் கடையின் பழைய படங்கள் ஏதாவது இருக்கின்றனவா என்று கேட்டேன். சுவரைக் காட்டினார். அடையாள அட்டைக்காக எடுத்த படத்தைப் பெருப்பித்துச் சட்டமிட்ட அவருடைய வாப்பாவின் முகம் அங்கே தொங்கியது. அதைத் தவிர வேறொன்றும் இல்லை. திருமணப் படங்கள் வீட்டில் இருக்கின்றன. ஆனால் கடையின் படமோ, கடையில் விற்ற சாப்பாட்டின் படமோ ஒன்றுகூட இல்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் இதுவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கமரா கண்டிக்கு வந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. இவ்வளவு காலத்தில் இந்தப் பிரதேசத்து உணவை யார் படம் பிடித்தார்கள், யாருக்காகப் பிடித்தார்கள், ஏன் நமது கடைகளின் தட்டு மட்டும் அதில் ஏறவில்லை என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பொருத்தமாகும் என நினைக்கிறேன்.

முதலில் எழுத்து, பின்னர் கமரா

உணவும் புகைப்படக் கலையும் பிறவியிலேயே உறவு கொண்டவை எனலாம். புகைப்படக் கலையின் முன்னோடியான பிரான்ஸ் நாட்டவர் நியெப்ஸ் உருவாக்கியதாகக் கருதப்படும் மிகப் பழைய படங்களுள் ஒன்று, உணவு பரிமாறத் தயாராக வைக்கப்பட்ட ஒரு மேசையைக் காட்டுகிறது. விரிப்பு, கிண்ணம், போத்தல், ரொட்டி ஆகியவை அதில் உள்ளன. இங்கிலாந்தில் ரொஜர் ஃபென்டன் 1860இல் திராட்சை, பீச் போன்ற பழங்களைக் குவித்து வைத்து எடுத்த படங்கள் புகழ்பெற்றவை. காரணம் எளிமையானது. அக்காலக் கமராவுக்கு ஒரு படம் பதிய நீண்ட நேரம் பிடித்தது. மனிதர் அசைவர், குதிரை அசையும், மேசை மீதுள்ள பழம் அசையாது.

நமது பிரதேசத்து உணவோ கமராவுக்கு முன்னரே எழுத்தில் பதிவாகிவிட்டது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், இங்குள்ள மக்கள் பலாவைப் பிஞ்சாகவும் காயாகவும் பழமாகவும் உண்பதை விபரித்து, ஒவ்வொரு பருவத்துக்கும் வழங்கிய பெயரையும் எழுதிவைத்தார். பிஞ்சுக்கு அவர் எழுதிய பெயர் பொலொஸ். இன்றும் நானாவின் கடையில் மதியச் சோற்றுக்குப் பொலொஸ் கறி உண்டா என்று கேட்பவர்கள், தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற பேதமின்றி, அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சொல் நிலைத்து நிற்கிறது.

கமரா வந்தபோது நிலைமை வேறாக அமைந்தது. 1850களின் தொடக்கத்தில் ஃபீபிக் என்பவர் இலங்கையில் படம் எடுத்து அவற்றுக்குக் கையால் வர்ணம் தீட்டினார். 1860களின் பிற்பகுதியில் ஜோசப் லோட்டன் கண்டியில் இருந்து தொழில் செய்தார். அனுராதபுரம், பொலன்னறுவை ஆகிய இடங்களின் இடிபாடுகளை அரசாங்கத்துக்காக 1870, 1871 காலப்பகுதியில் படம் பிடித்தவர் இவரே. அவருக்குப் பின் சார்ள்ஸ் ஸ்கோவன் 1876 அளவில் கண்டியில் தனது சொந்த நிலையத்தை நடத்திக்கொண்டிருந்தார். 1890இல் கொழும்பில் பிளேட்டே நிறுவனம் தோன்றியது.

இவர்களுள் நமது விடயத்துக்கு மிக நெருக்கமானவர் ஸ்கோவன். தாவரங்களையும் பழங்களையும் மிக நுட்பமாக அவர் எடுத்த படங்கள் இன்றும் வியப்பூட்டுகின்றன. பேராதனைப் பூங்காவும் கண்டிச் சுற்றுப்புறமும் அளித்த செல்வம் அது. வத்தேகம வீட்டு வளவுகளில் கேட்பாரற்று விழுந்து கிடக்கும் காய்களும் பழங்களும் அக்கமராவின் முன் அரச மரியாதையுடன் அமர்ந்தன. ஆனால் அவை உணவாக அமரவில்லை, அதிசயமாக அமர்ந்தன. அவற்றை வாங்கியவர்கள் கப்பலேறி ஊர் திரும்பும் வெள்ளையர்கள். தாம் கண்ட விநோதங்களை இலண்டனில் உள்ள உறவினருக்குக் காட்டுவதற்காக அல்பத்தில் ஒட்டிக்கொண்டனர். பழம் படமாயிற்று. அதைச் சமைத்தவளின் சட்டி படமாகவில்லை. நான் இதுவரை பார்த்த அக்காலத் தொகுப்புகளில் தென்னை மரமும் பழக்கடையும் தேயிலை பறிக்கும் பெண்ணும் திரும்பத் திரும்ப வருகின்றன. சமைத்த ஒரு தட்டுச் சோற்றைத் தேடித் தேடிக் களைத்துப்போனேன்.

இதற்கு ஆட்சியாளரின் அலட்சியம் மட்டும் காரணமன்று, இரசாயனமும் ஒரு காரணம். 1851இல் அறிமுகமான ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தட்டில் மருந்தைப் பூசி, அது காய்வதற்கு முன்னரே படம் எடுத்துக் கழுவியும்விட வேண்டும். அந்த மருந்துக்கு நீல நிறம் நன்றாகத் தெரியும், சிவப்பு நிறம் தெரியவே தெரியாது. சிவந்தது அனைத்தும் படத்தில் கறுத்துவிடும். நமது சம்பலை நினைத்துப் பாருங்கள். மிளகாய்த்தூள் போட்ட இறைச்சிக் கறியை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் போட்ட பருப்பும் கறுத்தே போயிருக்கும். தட்டில் வெள்ளைச் சோறு ஒன்றுதான் சோறாகத் தெரிந்திருக்கும். எல்லா நிறங்களையும் உணரும் தட்டுகள் 1906இல்தான் இலண்டனில் விற்பனைக்கு வந்தன. வர்ணப் படம் எடுக்கும் ஓட்டோகுரோம் தட்டு 1907இலும், கொடாக்குரோம் சுருள் 1935இலும் வந்தன. அவை வந்த பின்னரும் வத்தேகம போன்ற ஓர் ஊரின் ஸ்டூடியோவை வர்ணம் எட்டுவதற்கு அரை நூற்றாண்டு சென்றது. எனது சிறுவயதுப் படங்கள் யாவும் கறுப்பு வெள்ளையே.

தேயிலையின் படம், தொழிலாளியின் தட்டு

1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வர்த்தக முறையில் பயிரிடத் தொடங்கினார். 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1880இல் கண்டியிலிருந்து மாத்தளை வரை புகையிரதப் பாதை நீண்டபோது வத்தேகம அதில் ஒரு நிலையமாயிற்று. பன்வில, மடுல்கலை, நக்கிள்ஸ் மலையடிவாரத் தோட்டங்களுக்கு இதுவே வாசல். தோட்டத்து மக்கள் சம்பள நாளில் இறங்கி வரும் கடைத்தெரு இது. அந்தக் கூட்டத்துக்குப் பசியாற்றத் தோன்றியவையே இங்குள்ள தேநீர்க் கடைகளும் சைவக் கடைகளும் முஸ்லிம் ஹோட்டல்களும் ஆகும்.

1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் விளம்பரத்தின் வலிமையை நன்கு அறிந்தவர். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்பது அவரது வாக்குறுதி. அந்த வாக்குறுதிக்குக் கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவம் தேவைப்பட்டது. 1932இல் தேயிலைப் பிரசார சபை அமைக்கப்பட்டது. அச்சபைக்காக பசில் ரைட் இயக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ என்ற ஆவணப்படம் 1934இல் வெளிவந்தது. நமது நாட்டின் தலைசிறந்த புகைப்படக் கலைஞரான லயனல் வென்ட் அதற்குக் குரல் கொடுத்தார். அப்படத்தில் ஒலிக்கும் வாசகங்கள் பெரும்பாலும் மேலே குறிப்பிட்ட நொக்ஸின் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்பது சுவையான செய்தி.

கலை என்ற வகையில் அப்படத்தின் சிறப்பை எவரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் உணவு வரலாற்றை எழுத முனைபவனுக்கு ஒன்று உறுத்துகிறது. உலகம் முழுவதும் விற்பனையான ஒரு பானத்துக்காக நமது மலைகள் ஆயிரமாயிரம் தடவைகள் படமாக்கப்பட்டன. அந்தக் கொழுந்தைப் பறித்தவள் காலையில் தின்ற ரொட்டியும் பச்சை மிளகாய்ச் சம்பலும், மாலையில் குடித்த சாயத் தண்ணீரும் எந்தப் பிரசார சபைக்கும் தேவைப்படவில்லை. படத்தின் வாடிக்கையாளர் வெளிநாட்டில் இருந்தார். அவருக்கு எது வேண்டுமோ அதுவே படமாயிற்று.

படம் வேண்டாத கடைகள்

அப்படியானால் நமது கடைக்காரர்களே ஏன் படம் எடுத்து மாட்டவில்லை? காசில்லை என்பது பாதிப் பதிலே. தேவையில்லை என்பதே முழுப் பதில்.

நமது சாப்பாட்டுக் கடையின் முன்புறத்தைக் கண்முன் கொண்டுவாருங்கள். வாசலிலேயே கண்ணாடி அலுமாரி. மேல் தட்டில் பனிஸ், பட்டிஸ், ரோல்ஸ், கட்லட். கீழ்த் தட்டில் உளுந்து வடை, கடலை வடை. உள்ளே போய் அமர்ந்ததும் கேளாமலே ஒரு தட்டு நிறைய அவற்றை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். எதைத் தின்றோமோ அதற்கு மட்டும் காசு. உண்மையான உணவே கண்முன் நிற்கும்போது அதன் படம் எதற்கு? இரவானால் கொத்து ரொட்டித் தகட்டின் மீது இரண்டு இரும்புத் தகடுகள் எழுப்பும் தாளம் பஸ் தரிப்பிடம் வரை கேட்கும். அதைவிடச் சிறந்த விளம்பரம் எது?

ஜப்பானியர் இதே தேவையை வேறு விதமாகத் தீர்த்தார்கள். 1932இல் இவசாகி தகிசோ என்பவர் ஒசாகா நகரில் மெழுகால் உணவுருக்கள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். உணவகத்தின் கண்ணாடிப் பெட்டியில் மெழுகு ஒம்லெட் அமர்ந்தது. நகருக்குப் புதிதாக வந்தவர் விரலால் சுட்டிக்காட்டினால் போதும். அங்கே கண்ணாடிக்குள் பொய்யுணவு, இங்கே மெய்யுணவு. ஆயினும் இரண்டின் நோக்கமும் ஒன்றே. வாடிக்கையாளர் உள்ளே வரும் முன்னரே பார்த்து நம்ப வேண்டும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. உணவின் படம் அறிந்தவருக்காக எடுக்கப்படுவதில்லை, அந்நியருக்காகவே எடுக்கப்படுகிறது. வத்தேகமவில் நானாவின் வாப்பாவுக்கு வாடிக்கையாளர் எல்லோரும் பெயர் தெரிந்தவர்கள். பலருக்குக் கணக்குக் கொப்பியில் பக்கமும் உண்டு. அவர்களுக்குப் படம் காட்டுவது தாய்க்குப் பிள்ளையின் அடையாள அட்டையைக் காட்டுவது போலாகும்.

அந்நியர் வந்தபோது படமும் வந்தது. 1966இல் உல்லாசப் பயணச் சபை அமைக்கப்பட்டது. 1977இன் பின்னர் திறந்த பொருளாதாரமும், 1979இல் எயார் லங்காவும் வந்தன. பெரிய ஹோட்டல்களின் வர்ணக் கையேடுகளில் மண் சட்டி, வாழையிலை, சிரட்டைக் கரண்டி சகிதம் சோறும் கறியும் காட்சி கொடுத்தன. கொழும்பின் விளம்பர நிறுவனங்களுக்குப் பணியாற்றிய படப்பிடிப்பாளர்கள் அவற்றை எடுத்தனர். தொழில்முறை உணவுப் படப்பிடிப்பு நம் நாட்டில் வேரூன்றியது இந்த வழியாகத்தான். அதற்குள் மேலை நாடுகளில் அது பெருந்தொழிலாக வளர்ந்துவிட்டிருந்தது. ஹங்கேரியில் பிறந்த நிக்கலஸ் மறே 1930களிலேயே அமெரிக்க மகளிர் சஞ்சிகைகளுக்கு வர்ணத்தில் உணவுப் படங்களை எடுத்துக் குவித்தார்.

தொழில் வளர்ந்தால் தந்திரமும் வளரும். 1960களின் இறுதியில் கேம்பல் சூப் விளம்பரமொன்றில், மரக்கறித் துண்டுகள் அடியில் அமிழாமல் மேலே தெரிவதற்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் குண்டுகளை இட்டுப் படம் எடுத்தார்கள். அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு இது ஏமாற்று என்று தலையிட்டது. இனி அவ்வாறு செய்வதில்லை என்ற உடன்பாட்டுடன் 1970இல் விவகாரம் முடிந்தது. உணவுப் படத்தில் எதுவரை அலங்காரம், எங்கிருந்து பொய் என்ற கேள்விக்கு அதுவே இன்றுவரை எடுத்துக்காட்டு.

நமது சிறு கடைகளுக்குப் படம் வந்து சேர்ந்தது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், பிளெக்ஸ் எனப்படும் டிஜிட்டல் அச்சுப் பலகைகளின் வடிவில். பலகை அச்சிடுபவரின் கணினியிலேயே படங்கள் தயாராக இருந்தன. ஃபிரைட் ரைஸ், பர்கர், பொரித்த கோழி என்று ஒரே படங்கள் வத்தேகமவிலும் வவுனியாவிலும் ஒரே வேளையில் தொங்கின. எந்த நாட்டுக் கோழியோ, யார் பொரித்ததோ அறியோம். நமது கடைக்கு முதன்முதலாகக் கிடைத்த உணவுப் படம் நமது உணவின் படமாக இருக்கவில்லை. நானாவின் மகன் செய்த தவறு அவனுடைய கண்டுபிடிப்பன்று, இருபது ஆண்டுகளாகத் தெருவெங்கும் தொங்கிய வழக்கத்தையே அவனும் பின்பற்றினான்.

ஒரு படம் செய்த வேலை

இனி எழுதப்போவது எனக்கு இலகுவான பகுதியன்று.

2018 பெப்ரவரி மாத இறுதியில் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான சாப்பாட்டுக் கடையில், கறியில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, இது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று ஒரு கூட்டம் குற்றஞ்சாட்டியது. காசாளரைச் சூழ்ந்து நின்று, மிரட்டி, ஆம் என்று சொல்ல வைத்து, அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார்கள். அந்தக் காட்சி முகநூல் வழியே நாடெங்கும் பரவியது. அன்றிரவே அந்நகரில் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அக்கட்டி மாவுப் பண்டமே, அதில் மருந்து எதுவுமில்லை என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அறிக்கை நடந்து வந்தது, படம் பறந்து சென்றுவிட்டது.

சில நாட்களில் தெல்தெனியவில் தாக்கப்பட்டிருந்த சாரதி ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, மார்ச் மாதத்தின் முதல் வாரத்தில் திகனை, தெல்தெனிய முதலிய இடங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. வத்தேகமவிலிருந்து திகனை அதிக தூரமில்லை. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. மறுநாள் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. அந்த வன்முறையில் தனது தளம் வகித்த பங்குக்காக ஃபேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது.

அந்நாட்களில் செய்தி சேகரிக்கச் சென்றவர்களில் நானும் ஒருவன். எரிந்த சாப்பாட்டுக் கடைகளைப் படம் எடுத்தோம். நொறுங்கிய கண்ணாடி அலுமாரி, கரிந்த கொத்துத் தகடு, வீதியில் சிதறிய பீங்கான். மறுநாள் முதற்பக்கத்துக்கு உகந்த படங்கள். கடமையைச் செய்தோம் என்ற நிறைவோடுதான் அலுவலகம் திரும்பினேன். படங்களைக் கோப்பில் இடும்போது, இந்தக் கடைகளின் முந்தைய படங்கள் உள்ளனவா என்று பழைய கோப்புகளைப் புரட்டினேன். சாப்பாட்டுக் கடை என்ற தலைப்பின் கீழ் இருந்தவை என்ன தெரியுமா? சுகாதாரப் பரிசோதகரின் சோதனை, விலை உயர்வு, கடையடைப்பு, 1983 ஜூலையில் எரிந்த தமிழர் கடைகள். இருபத்தைந்து ஆண்டுகள் இந்தக் கடைகளில் தின்று, இவற்றின் மேசைகளில் அமர்ந்து செய்தி எழுதியவன் நான். கண்ணாடி அலுமாரி முழுதாக இருந்தபோது அதைப் படம் எடுக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. முழுதாக இருப்பது செய்தியன்று என்பதே எமக்குக் கற்பிக்கப்பட்ட பாடம்.

வெள்ளையரின் அல்பத்தையும் தேயிலைச் சபையையும் மேலே குறை கூறினேன். வாசகர்கள் அந்தக் குறையில் எனக்குரிய பங்கையும் சேர்த்துக்கொள்ளலாம். நமது உணவை மற்றவர்கள் படம் பிடித்தார்கள். அதிசயமாகப் பிடித்தார்கள், அலங்காரமாகப் பிடித்தார்கள், கடைசியில் ஆயுதமாகவும் பிடித்தார்கள். இது நாங்கள் சமைத்தது, இவ்வளவுதான், இப்படித்தான் என்று சொல்லும் படத்தை மட்டும் நாம் எடுத்து வைக்கவில்லை.

மூன்று துண்டு இறைச்சி

நானாவின் கோரிக்கைக்கு மீண்டும் வருவோம். கண்டியில் உணவகங்களுக்குப் படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்ட இளைஞர் ஒருவரை நண்பர் மூலம் தேடிப் பிடித்தேன். ஒரு வார நாளில் காலை ஒன்பது மணிக்கு, காலைக் கூட்டம் கலைந்ததும் அவர் வந்தார்.

அவர் பெரிய விளக்குகள் கொண்டுவருவார் என எதிர்பார்த்தேன். ஒரு கமரா, ஒரு முக்காலி, ஒரு துண்டு வெள்ளை ரெஜிபோம் அட்டை, ஒரு சிறு தூரிகை, அவ்வளவே. கடையின் குழல் விளக்குகளை அணைக்கச் சொன்னார். அந்த வெளிச்சம் கறியைப் பச்சை படிந்ததாகக் காட்டுமாம். மேசையை வாசலருகே இழுத்து, பக்கவாட்டில் விழுந்த பகல் வெளிச்சத்தில் தட்டை வைத்து, மறுபுறத்து நிழலைப் போக்க அட்டையை நிறுத்தினார். நமது சோறும் கறியும் படப்பிடிப்பாளருக்குப் பெரும் சோதனை என்று விளக்கினார். குழம்பில் மூழ்கிய எதுவும் ஒரே கபில நிறமாகத் தெரியும். எனவே குழம்பைக் குறைத்துத் துண்டுகளை மேலே எடுத்து வைக்க வேண்டும். மஞ்சள் பருப்புக்குப் பக்கத்தில் பச்சை மல்லுங், அதற்கப்பால் பீட்ரூட் என்று நிறங்களைப் பிரித்து வைக்க வேண்டும். கறியின் மீது தூரிகையால் சிறிது எண்ணெய் தடவினால் ஆறிப்போன கறியும் அடுப்பிலிருந்து இறக்கியது போல் மினுங்கும்.

இதுவரை நானா தலையசைத்துக்கொண்டிருந்தார். இளைஞர் தமது பையிலிருந்து ஒரு மண் சட்டியையும் சிரட்டைக் கரண்டியையும் எடுத்தபோது அவர் முகம் மாறியது.

“மகன், எங்கட கடையில சட்டி இல்ல. நாளைக்கு வாற ஆள் சட்டி எங்க என்டு கேட்டா நான் என்ன சொல்ற?”

இளைஞர் சிரித்துவிட்டுச் சட்டியை உள்ளே வைத்தார். கடையின் பூப்போட்ட பீங்கான் தட்டே மேசைக்கு வந்தது. அடுத்த சிக்கல் இறைச்சித் துண்டுகள். படத்துக்கு அழகாக இருக்கும் என்று பையன் ஐந்து துண்டுகளை வைத்தான். நானா இரண்டை எடுத்து மீண்டும் சட்டுவத்தில் போட்டார். விற்பது மூன்று துண்டு, படத்திலும் மூன்றுதான் என்றார். அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு ஆவணம் எழுதித் தீர்த்ததை வத்தேகமவில் ஒரு சட்டுவம் தீர்த்து வைத்தது.

எண்ணெய் தடவுவதை மட்டும் அவர் அனுமதித்தார். கல்யாணத்துக்குப் போகும் பெண் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லையா என்பது அவருடைய நியாயம்.

தட்டுகளை எடுத்து முடித்ததும், கடையையும் எடுத்துத் தாருங்கள், அதற்கான செலவை நான் தருகிறேன் என்று இளைஞரைக் கேட்டுக்கொண்டேன். கண்ணாடி அலுமாரியை அதன் பனிஸ்களோடும் வடைகளோடும் எடுத்தார். தகட்டின் முன் நின்று கொத்துபவரை எடுத்தார். அவருடைய கைகள் மட்டும் அசைவில் மங்கலாகப் பதிந்தன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் ஆளே பதிந்திருக்க மாட்டார். வாப்பா அமர்ந்த காசு மேசையில் நானா அமர்ந்திருப்பதையும் எடுத்தார்.

முகநூல் பக்கத்தில் இப்போது அந்தப் படங்கள் உள்ளன. வியாபாரம் கூடியதா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. இறால் எங்கே என்று எவரும் வந்து கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

கண்ணாடி அலுமாரிப் படத்தை அச்சிட்டுச் சட்டமிட்டுக் கொடுத்தேன். வாப்பாவின் படத்துக்கு அருகே அதை மாட்ட ஆணி அடிக்கும் முன்னர், படத்தைத் திருப்பி அதன் பின்புறத்தில் திகதி, ஊர், கடையின் பெயர், அலுமாரியில் இருந்தவை, ஒவ்வொன்றின் அன்றைய விலை ஆகியவற்றை எழுதினேன். விளக்கக் குறிப்பில்லாத படம் பத்து ஆண்டுகளில் ஊமையாகிவிடும் என்பது பத்திரிகை அலுவலகத்தில் நான் கண்ட அனுபவம்.

உங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையின் பழைய படம், திருமணப் படமொன்றின் பின்னணியிலாவது, உங்கள் வீட்டு அல்பத்தில் இருக்கக்கூடும். இருந்தால் அதைத் திருப்பி, தெரிந்ததை இன்றே எழுதி வையுங்கள். படம் இல்லையென்றால், கடை இன்னும் முழுதாக இருக்கும்போதே போய் ஒன்று எடுத்து வையுங்கள்.